இரவு வானம்: பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானம் பார்க்கக் கூடும் இரவுகளில் பெற்றோர், மாணவர், புதிதாகப் பைனாகுலர் வாங்கியவர்கள் எனப் பலரும் கேட்கிற கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். நேரங்கள் மலேசிய நேரம். உயரங்கள் பினாங்குக்குக் கணக்கிட்டவை. கோலாலம்பூர் இரண்டு டிகிரிக்குச் சற்று அதிகமாகத் தெற்கே இருப்பதால், அங்கே தென்வானப் பொருள்கள் அந்த அளவு மேலேயும் வடவானப் பொருள்கள் அந்த அளவு கீழேயும் தெரியும். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. கீழே வரும் எல்லா அளவுகளையும் அதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

கேலக்சி, நெபுலா, நட்சத்திரக் கூட்டம், மூணுக்கும் என்ன வித்தியாசம்?

நட்சத்திரக் கூட்டம் என்பது பூமியிலிருந்து பார்க்கும்போது தெரிகிற வடிவம். அது தனிப் பொருள் இல்லை. அனைத்துலக வானியல் ஒன்றியம் 1922-இல் 88 கூட்டங்களை ஏற்றுக்கொண்டது; அவற்றின் எல்லைகள் 1930-இல் வரையறுத்து வெளியிடப்பட்டன. அதன்பிறகு வானத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஏதாவது ஒரு கூட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

நெபுலா என்பது வாயுவும் தூசியும் சேர்ந்த முகில். கேலக்சி, அதாவது விண்மீன் பேரடை, அதைவிட மிகப் பெரியது: கோடிக்கணக்கான விண்மீன்களும் அவற்றுக்கிடையே உள்ள முகில்களும் ஈர்ப்பினால் ஒன்றாகப் பிணைந்த தொகுதி. நாம் இருக்கும் பேரடை பால்வீதி. அதன் குறுக்களவு ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு, குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள். சூரியன் அதன் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. ஒரியன் என்பது கூட்டம். அதன் வாள் பகுதியில் ஒரு நெபுலா. இரண்டிலும் நாம் பார்க்கிற அத்தனையும் பால்வீதிக்குள்ளே இருப்பவை.

ஒளியாண்டுன்னா வருஷமா, தூரமா?

தூரம். ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவு, ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

ஒரு கூட்டத்துல உள்ள நட்சத்திரம் எல்லாம் பக்கத்துப் பக்கத்துலதானே இருக்கு?

பெரும்பாலும் இல்லை. ஒரியனில் பெல்லாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டு, ரைகல் சுமார் 860. தென் சிலுவையின் உச்சியில் உள்ள சிவந்த மீன் காக்ரக்ஸ் 88 ஒளியாண்டு, அடியில் உள்ள அக்ரக்ஸ் சுமார் 320. நம் பார்வைக்கோட்டில் அடுத்தடுத்து அமைந்ததால்தான் வடிவம் தெரிகிறது. கார்த்திகை விதிவிலக்கு. அதன் மீன்கள் ஒரே முகிலில் ஒன்றாகப் பிறந்து, இன்றும் ஒன்றாகவே நகர்கின்றன. தொலைவு சுமார் 440 ஒளியாண்டு.

அஞ்சாம் ஆண்டு அறிவியல்ல நாலு புரூஜ் (நட்சத்திரக் கூட்டம்) வருது. பிள்ளைக்கு எப்போ, எந்தப் பக்கம் காட்டுறது?

பெலாந்திக் (ஒரியன்), பீடுக் (சப்தரிஷி மண்டலம்), பாரி (தென் சிலுவை), ஸ்கோர்ப்பியோ (விருச்சிகம்) ஆகிய நான்கையும் ஒரே இரவில் காட்ட வேண்டுமானால் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு வெள்ளியோ சனியோ வைத்துக்கொள்ளுங்கள். இரவு 8.15-க்கு மேற்கே பாருங்கள். மூன்று முஷ்டி உயரத்தில் பெலாந்திக் சாய்ந்துகொண்டிருக்கும். 11 மணிக்கு வடக்கே மூன்றரை முதல் நாலரை முஷ்டி உயரத்தில் பீடுக் கவிழ்ந்தபடி நிற்கும். அப்படியே திரும்பித் தெற்கே பார்த்தால் இரண்டு முதல் மூன்று முஷ்டி உயரத்தில் பாரி நிமிர்ந்து நிற்கும். ஸ்கோர்ப்பியோவின் தலையும் சிவந்த கேட்டையும் 10 மணிக்குமேல் தென்கிழக்கில் ஏறிவிடும், ஆனால் கொக்கி போன்ற வால் முழுவதும் தெரிய நள்ளிரவு ஆகும்.

அவ்வளவு நேரம் விழித்திருக்க முடியாத பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டலாம். இரவு 9 மணியை வைத்துச் சொன்னால், பெலாந்திக் பிப்ரவரி நடுவில் தலைக்கு மேலே. பீடுக்கும் பாரியும் மே மாதக் கடைசியில். ஸ்கோர்ப்பியோ ஜூலைக் கடைசியில் தெற்கே நன்றாக உயரத்தில். ஒரு மாதம் முன்னதாகப் பார்த்தால் அதே காட்சி இரண்டு மணி நேரம் பிந்தி வரும். இந்த ஒரு கணக்கு மனத்தில் இருந்தால் ஆண்டு முழுவதும் போதும்.

பாரிய வச்சு தெற்கு கண்டுபிடிக்கப் பார்த்தோம். நாலரை மடங்கு நீட்டுனா கடலுக்குள்ள போகுது. தப்பா பண்ணிட்டோமா?

செய்தது சரிதான். காக்ரக்ஸிலிருந்து அக்ரக்ஸ் வரையுள்ள நீளத்தை நாலரை மடங்கு நீட்டினால் வானத்தின் தென்துருவம் வரும். ஆனால் பினாங்கில் அந்தப் புள்ளி அடிவானத்துக்குக் கீழே 5 டிகிரியில் இருக்கிறது. அந்த விதி ஆஸ்திரேலியா போன்ற இடங்களுக்கு எழுதப்பட்டது. இங்கே எளிய வழி, சிலுவை நேராக நிமிர்ந்து நிற்கும் வேளையில் அதன் அடிக்கு நேர் கீழே அடிவானத்தைப் பார்ப்பது. அதுதான் தெற்கு. சிலுவை சாய்ந்திருக்கும்போது அதன் அடியை நோக்கினால் திசை தவறும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. பாரிக்கு மேற்கே சற்றுப் பெரிய, மங்கலான ஒரு போலிச் சிலுவை இருக்கிறது. பாரிக்கு முன்பே அது உதித்துவிடும். உண்மையான பாரிக்குப் பக்கத்தில் கிழக்கே இரண்டு பிரகாசமான மீன்கள், ஆல்பா செண்டாரியும் பீட்டா செண்டாரியும், அதைச் சுட்டியபடி இருக்கும். அந்த இரண்டும் இன்னும் உதிக்கவில்லை என்றால் கொஞ்சம் காத்திருந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

துருவ நட்சத்திரம் நம்ம ஊர்ல தெரியுமா?

கணக்குப்படி தெரிய வேண்டும். ஒரு இடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் நிற்கும். பினாங்கில் 5 டிகிரி, கோலாலம்பூரில் 3 டிகிரி. அவ்வளவு தாழ்வில் கடல் ஆவியும் புகையும் அதை விழுங்கிவிடும். அதை நம்பித் திசை பார்க்க வேண்டாம்.

தைப்பூசத்துக்கும் வானத்துல இருக்கிற பூசத்துக்கும் தொடர்பு இருக்கா?

நேரடித் தொடர்பு இருக்கிறது. தை மாத முழுநிலவு பூச நட்சத்திரத்தின் அருகே நிற்கும் நாளே தைப்பூசம். தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ போகும் இரவில் நிலவைப் பார்த்தால், அதன் பின்னே இருப்பது கடக ராசி. மற்றவையும் இப்படித்தான்: திருக்கார்த்திகை நிலவு கார்த்திகைக் கூட்டத்தின் பக்கத்தில், மார்கழித் திருவாதிரை நிலவு ஒரியனின் செம்மீன் பெட்டல்ஜூஸ் பக்கத்தில், மாசி மக நிலவு சிம்மத்தின் ரெகுலஸ் பக்கத்தில், சித்திரா பௌர்ணமி நிலவு ஸ்பைக்கா பக்கத்தில். ஆண்டுக்கு ஆண்டு சற்று முன்பின்னாக இருக்கும். கோயில் நாள்காட்டி கையில் இருக்கும் எவருக்கும் வானத்தின் வரைபடமும் கையில் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விடுவது பெரிய இழப்பு.

பூசத்தின் அருகே பைனாகுலருக்கு ஏற்ற ஒரு விண்மீன் கொத்து உண்டு, மெசியே என்ற வானியலாரின் பட்டியலில் 44-ஆவது. சுமார் 600 ஒளியாண்டு தொலைவு. தைப்பூசத்தன்று நிலவொளியில் அது மறைந்துவிடும். ஒரு வாரம் கழித்து, நிலவு நள்ளிரவையொட்டி உதிக்கும் நாள்களில், இரவு 10 மணிக்கு அதே இடத்தைப் பாருங்கள். பைனாகுலரில் பல டஜன் மீன்கள் சிதறிக் கிடக்கும்.

என் ராசி துலாம். வானத்துல காட்டுற துலாம் அதுதானா?

ஏறத்தாழ. பஞ்சாங்கத்தில் சூரியப் பாதை பன்னிரண்டு சம பாகமாக, ஒவ்வொன்றும் 30 டிகிரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ராசி என்பது நீங்கள் பிறந்தபோது நிலவு நின்ற பாகம். வானியலார் வரைந்த எல்லைகள் சமமானவை அல்ல: அந்தப் பாதையில் கன்னி 44 டிகிரி நீளம், துலாம் 23 டிகிரிதான். அதனால் பஞ்சாங்கத் துலாமின் முற்பாதி வானியல் எல்லைப்படி கன்னிக்குள் விழுகிறது. விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் நடுவே ஒஃபியூக்கஸ் என்ற பதின்மூன்றாவது கூட்டத்தின் வழியாகவும் சூரியன் நவம்பர் கடைசி முதல் டிசம்பர் நடு வரை போகிறது.

மேலை நாட்டு ஜோதிடப் பக்கங்களில் வேறு ராசி வருவதற்குக் காரணம் வேறு. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சம இரவுப் புள்ளி (பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் இடம்) 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி நகர்கிறது. அவர்கள் அந்தப் புள்ளியிலிருந்து எண்ணுகிறார்கள், பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறது. இன்று இரண்டுக்கும் இடைவெளி சுமார் 24 டிகிரி.

கோலாலம்பூர்ல கொண்டோ பால்கனியிலிருந்து என்னதான் தெரியும்?

கூட்டங்களின் முக்கிய மீன்கள் தெரியும்: ஒரியன், சிரியஸ், கனோப்பஸ், விருச்சிகத்தின் தலை. தெற்கு நோக்கிய பால்கனி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை பாரியும் அதன் சுட்டிகளும். பைனாகுலர் இருந்தால் கார்த்திகை, ஒரியன் நெபுலாவின் நடுப்பகுதி. பால்வீதியும் மங்கலான நெபுலாக்களும் தெரியாது. கண்ணில் குறையில்லை, நகர விளக்கொளி வானத்தையே வெளுப்பாக்கிவிடுகிறது.

முதலில் வீட்டு விளக்கை அணையுங்கள், பால்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கைப்பேசித் திசைகாட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வடக்குப் பார்த்த பால்கனியில் பாரியைத் தேடி மாதக்கணக்கில் ஏமாந்தவர்கள் உண்டு.

அப்போ எங்க போகணும்?

எதைப் பார்க்கப் போகிறீர்களோ அதற்கு எதிர்ப்புறத்தில் நகரம் இருக்க வேண்டும். இடத்தின் பெயரைவிட இந்த விதி முக்கியம். பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுனின் ஒளி கிழக்கே. நடுவில் மலை மறைப்பதால் பாலிக் புலாவ் பக்கத்து மேற்கு வானம் நன்றாக இருக்கும். தென்வானத்துக்குத் தெலுக் கும்பார் கடற்கரை, வடவானத்துக்குத் தெலுக் பாஹாங். பாலிக் புலாவை அடுத்த பந்தாய் அச்சேயில் ஷேக் தாஹிர் வானியல் மையம் இருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து செகிஞ்சான் வயல்வெளி நல்ல தேர்வு. நகர ஒளி தென்கிழக்கே இருக்கும், வடக்கும் மேற்கும் இருட்டு. தென்வானத்துக்குப் போர்ட்டிக்சன் பக்கத்துக் கடற்கரையில் ஓட்டல் விளக்குகளுக்கு அப்பால் இடம் பாருங்கள். ஃபிரேசர் மலை இருட்டானது, ஆனால் இரவில் மூடுபனி இறங்கினால் எல்லாம் போய்விடும். பகலிலேயே இடத்தைப் பார்த்து வையுங்கள், தனியாகப் போகாதீர்கள். மழை நாளில் வானத்தைப் புரிந்துகொள்ள, கோலாலம்பூரில் உள்ள தேசியக் கோளரங்கம் பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம்.

எந்த மாசம் வானம் தெளிவா இருக்கும்?

பினாங்கில் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை அதிகம். ஜூன், ஜூலை ஓரளவு வறண்டது. ஜூலை முதல் அக்டோபர் வரை புகைமூட்டம் வரலாம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டிய இரவில் வானத்துக்காக மட்டுமல்ல, நுரையீரலுக்காகவும் வீட்டில் இருங்கள்.

மாலை மழை பெய்து ஓய்ந்த இரவைத் தவறவிடாதீர்கள். தூசி கழுவப்பட்டு, ஆண்டிலேயே மிகத் தெளிவான வானம் அப்போதுதான் கிடைக்கும். நிலவையும் கணக்கில் சேருங்கள்: அமாவாசையை ஒட்டிய பத்து நாள்களே நெபுலாவுக்கும் பேரடைக்கும் உரியவை. இங்கே சூரியன் மறைந்து 70 நிமிடம் போனால்தான் முழு இருட்டு, அதாவது பருவத்தைப் பொறுத்து 8.15 முதல் 8.50 வரை.

வெறும் கண்ணுக்கு எத்தனை கேலக்சி தெரியும்?

நான்கு, நான்கும் மலேசியாவிலிருந்து எட்டக்கூடியவை. இது நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்வதன் பேறு. லண்டனில் இருப்பவருக்கு மெகல்லன் முகில்கள் ஒருபோதும் உதிக்காது. சிட்னியில் ஆண்ட்ரோமெடா அடிவானத்தை உரசிக்கொண்டு போய்விடும்.

முதலாவது பால்வீதி. அதன் அடர்ந்த மையப் பகுதி தனுசு, விருச்சிகத்தை ஒட்டி ஆகஸ்ட் நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே ஐந்தரை முஷ்டி உயரத்தில் நிற்கும். வெளிறிய பட்டையாகத் தெரியும். மேகம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுவார்கள். பத்து நிமிடம் கழித்தும் நகராமல் இருந்தால் அதுதான். இரண்டாவது, மூன்றாவது பெரிய, சிறிய மெகல்லன் முகில்கள், சுமார் 1,60,000 மற்றும் 2,00,000 ஒளியாண்டு. பெரியது பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்குக் கனோப்பஸுக்குக் கீழே ஒன்றரை முஷ்டி உயரத்தில், சிறியது டிசம்பர் தொடக்கத்தில் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. இவ்வளவு தாழ்வாக இருப்பதால் தெற்கே விளக்கில்லாத கடல் வேண்டும். இந்த இரண்டும் இங்கே எளிதல்ல.

நான்காவது ஆண்ட்ரோமெடா, 25 லட்சம் ஒளியாண்டு. டிசம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணி, நவம்பர் தொடக்கத்தில் 11 மணி. வடக்கு நோக்கி நில்லுங்கள். இடப்பக்கம் மிக உயரத்தில் நான்கு மீன்களால் ஆன பெரிய சதுரம், அது பெகாசஸ். அதன் வலது கீழ் மூலையில் உள்ள அல்பெராட்ஸிலிருந்து வலப்பக்கமாகச் செல்லுங்கள். நடுவில் ஒரு மங்கல் மீன், அதைத் தாண்டி அல்பெராட்ஸ் அளவே பிரகாசமான மிராக். மிராக்கிலிருந்து கீழே இடப்பக்கமாகத் திரும்பினால் இரண்டு சிறு மீன்கள் அடுத்தடுத்து வரும். இரண்டாவதை ஒட்டி, அதிலிருந்து ஒரு டிகிரிக்குச் சற்று அதிகத் தொலைவில் மங்கலான நீள் படலம் இருக்கும். வடநாட்டவர் எழுதிய கையேடுகளில் “மிராக்கிலிருந்து மேலே” என்றிருக்கும். நமக்கு அது கீழே.

படத்துல ஆண்ட்ரோமெடா சுருள் சுருளா இருக்கு. பைனாகுலர்ல வெறும் புகையாத்தான் தெரியுது. பைனாகுலர் சரியில்லையா?

பைனாகுலரில் குறை இல்லை. கேமரா நிமிடக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் ஒளியைச் சேர்க்கிறது. கண் நொடிக்குள் கிடைத்ததை மட்டுமே காட்டும். அந்தப் பேரடையின் முழு அகலம் 3 டிகிரி, ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலம். அதில் நம் கண்ணுக்குத் தெரிவது நடுப்பகுதியின் ஒளி மட்டுமே.

கூடுதலாகப் பார்க்க இரண்டு பழக்கம் வேண்டும். ஒன்று, 20 முதல் 30 நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குவது. இடையில் ஒருமுறை வாட்ஸ்அப் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு விளக்கு கண்ணை அவ்வளவாகப் பாதிக்காது. டார்ச் மீது சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளலாம். இரண்டு, மங்கல் பொருளை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பார்ப்பது. விழித்திரையின் நடுவைவிட ஓரத்தில்தான் மங்கலான ஒளியை உணரும் செல்கள் அதிகம். நேராகப் பார்த்தால் மறைந்து, ஓரப் பார்வையில் திரும்ப வந்தால் நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

ஒரியன் நெபுலாவை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரியனின் இடுப்பில் வரிசையாக மூன்று மீன்கள். அங்கிருந்து தெற்கே ஒரு சிறு வரிசை தொங்கும், அது வாள். வாளின் நடுவில் உள்ள “மீன்” கூர்மையாக இல்லாமல் கசிந்தாற்போல் தெரியும். அதுதான் நெபுலா, மெசியே 42. தொலைவு சுமார் 1,340 ஒளியாண்டு, குறுக்களவு சுமார் 24 ஒளியாண்டு.

“இடுப்புக்குக் கீழே” என்ற கையேட்டு வாக்கியத்தை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டிசம்பர், ஜனவரி முன்னிரவில் ஒரியன் கிழக்கே படுத்தபடி எழும்; இடுப்பு மீன்கள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும், வாள் வலப்பக்கம் இருக்கும். மார்ச்சில் மேற்கே இறங்கும்போது வாள் இடப்பக்கம். நடுவேளையில் தலைக்கு நேர் மேலே வருவதால் கழுத்து வலிக்கும். பாயை விரித்துப் படுத்துப் பார்ப்பதே நல்லது.

10×50 பைனாகுலரில் இளஞ்சாம்பல் நிற விசிறி வடிவம் தெரியும். 150 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் 50 மடங்கு வைத்தால், நடுவில் நான்கு சிறு மீன்கள் நெருக்கமாக நிற்பது தெரியும். டிரபீசியம் என்ற அந்த இளம் மீன்கள்தான் முழு முகிலையும் ஒளிர வைக்கின்றன. நகரத்தில் இதைப் பார்க்க நெபுலா வடிகட்டி உதவும். அதே வடிகட்டி பேரடைகளுக்குப் பயன்படாது, காரணம் அடுத்த இரண்டு பதில்களில்.

நெபுலா எல்லாம் ஒரே வகையா?

இல்லை. பக்கத்து மீன்களின் புற ஊதா ஒளியால் வாயு தானே ஒளிர்வது ஒரு வகை: ஒரியன், தனுசில் உள்ள லகூன், தென்வானத்தில் கரீனா. சுமார் 7,500 ஒளியாண்டு தொலைவில் இருந்தும் கரீனா இருட்டான இடத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும். மே தொடக்கத்தில் இரவு 9 மணிக்குத் தெற்கே இரண்டரை முஷ்டி உயரத்தில். தூசி அருகிலுள்ள மீனின் ஒளியைப் பிரதிபலிப்பது இன்னொரு வகை; கார்த்திகையைச் சுற்றிப் படங்களில் தெரியும் நீலப் படலம் அது. தானும் ஒளிராமல் பின்னாலிருப்பதையும் மறைப்பது கரு நெபுலா. பாரியின் அருகே பால்வீதியில் ஓட்டை விழுந்தாற்போல் தெரியும் கரிமூட்டை அப்படிப்பட்டது.

மீதி இரண்டு, மீன்களின் முடிவில் உண்டாகின்றவை. சூரியன் அளவிலான மீன் தன் வெளியடுக்கை உதறினால் யாழ் கூட்டத்தின் வளைய நெபுலா போன்றது கிடைக்கும். பெரிய மீன் வெடித்தால் ரிஷபத்தின் நண்டு நெபுலா போன்றது. அந்த வெடிப்பை 1054-இல் சீன வானியலார் பதிவு செய்திருக்கிறார்கள்.

படத்துல இருக்கிற சிவப்பு, நீலம் எல்லாம் நிஜமா?

பல படங்களில் உண்மை, சில படங்களில் குறியீடு. ஒளிரும் ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் சிவப்பாக ஒளி விடுகிறது. இருட்டில் நம் கண் சிவப்பை ஏறக்குறைய உணராது, அதனால் நமக்குச் சாம்பலாகவோ லேசான பச்சையாகவோ தெரிகிறது; அந்தப் பச்சை ஆக்சிஜனின் ஒளி. ஹப்பிள் தொலைநோக்கியின் புகழ்பெற்ற படங்கள் சிலவற்றில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்காகச் செய்தது அது.

இப்படி வாயு குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் ஒளிர்வதால் வடிகட்டி அவற்றை விட்டு மற்றதைத் தடுக்க முடிகிறது. பேரடையின் ஒளி எல்லா நிறமும் கலந்த விண்மீன் ஒளி. தெரு விளக்கைத் தடுத்தால் அதையும் சேர்த்தே தடுக்கும்.

பைனாகுலரா, டெலஸ்கோப்பா, எதை முதல்ல வாங்கலாம்?

பைனாகுலர். 7×50 அல்லது 10×50. முதல் எண் பெரிதாக்கும் அளவு, இரண்டாவது லென்ஸின் மில்லிமீட்டர். 10 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கத்தில் மீன்கள் ஆடும், முக்காலி தேவைப்படும். தொலைநோக்கி வாங்கினால் 150 அல்லது 200 மில்லிமீட்டர் டாப்சோனியன், அதாவது கையால் திருப்பும் எளிய தாங்கியில் நிற்கும் தொலைநோக்கி. பெட்டியில் “675 மடங்கு” என்று அச்சிட்ட 60 மில்லிமீட்டர் கருவியைத் தவிருங்கள். லென்ஸின் மில்லிமீட்டரைப் போல இரண்டு மடங்குதான் பயனுள்ள உச்சம், அதாவது 120.

கடைக்காரர் சொல்லாத ஒன்று: துருவ அச்சைச் சரிசெய்து பயன்படுத்தும் ஈக்குவடோரியல் தாங்கி இங்கே தொல்லை தரும். அச்சை 5 டிகிரி வரை தாழ்த்த வேண்டும். பல மாதிரிகள் அவ்வளவு இறங்காது, இறங்கினாலும் எதிர்எடை முக்காலியின் காலில் இடிக்கும். சரிசெய்ய வேண்டிய துருவ நட்சத்திரமும் மேலே சொன்னபடி தெரியாது. டாப்சோனியனுக்கும் ஒரு குறை உண்டு. நேர் உச்சியில் உள்ளதைப் பின்தொடர்வது கடினம். ஒரியனை உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ பாருங்கள்.

காரை விட்டு வெளியே எடுத்ததும் லென்ஸ் மூடிக்குது, ஏன்?

ஏர்கோனில் குளிர்ந்த கண்ணாடி மீது நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் நீராகப் படிகிறது. துடைக்காதீர்கள், பூச்சு கீறிப்போகும். கருவியைப் பையை மூடியபடியே வெளியே வைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். அல்லது பயணத்தில் ஏர்கோன் எட்டாத பின்பெட்டியில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஈரம் காயும்வரை மூடிகளைத் திறந்து வைத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்துங்கள். இதைச் செய்யாமல் அலமாரியில் போட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். அது கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது.

கைப்பேசியில படம் எடுக்கலாமா?

கூட்டங்களையும் பால்வீதியையும் எடுக்கலாம். முக்காலி கட்டாயம். மூன்று நொடி டைமர் வையுங்கள், கை பட்டால் ஆடும். புரோ முறையில் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, குவியம் முடிவிலி, 15 முதல் 20 நொடி. 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உச்ச நொடி கிடைக்கும். பிரதான கேமரா பெரும்பாலும் 25 மில்லிமீட்டருக்குச் சமம், ஆக 20 நொடி. தாண்டினால் மீன்கள் கோடாக இழுபடும். நிலநடுக்கோட்டின் மேலுள்ள ஒரியன் பக்கம் இழுப்பு அதிகம் தெரியும். பாரியில் அதில் பாதிதான்.

ஆண்ட்ரோமெடாவையே முன்ன நெபுலான்னுதான் சொன்னாங்களாமே?

ஆம். மங்கலாகத் தெரிந்த எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் இருந்தது. வால்மீன் தேடிய சார்ல் மெசியே, வால்மீன் என்று ஏமாற வைக்கும் பொருள்களை 18-ஆம் நூற்றாண்டில் பட்டியலிட்டார். இன்று அதில் 110 பொருள்கள். நெபுலா, விண்மீன் கொத்து, பேரடை எல்லாம் அதில் கலந்தே இருக்கின்றன. ஆண்ட்ரோமெடா 31-ஆவது, ஒரியன் நெபுலா 42-ஆவது.

1912-இல் ஹென்ரியட்டா லெவிட், சிறிய மெகல்லன் முகிலில் உள்ள, பிரகாசம் கூடிக் குறைந்து துடிக்கும் செஃபீடு வகை மீன்கள் எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு மெதுவாகத் துடிக்கின்றன என்று காட்டினார். துடிப்பை அளந்தால் உண்மைப் பிரகாசம் தெரியும், அதிலிருந்து தூரம். 1923-இல் எட்வின் ஹப்பிள் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவில் அப்படி ஒரு மீனைக் கண்டார். அது பால்வீதிக்கு வெகு தொலைவில் இருப்பது தெரிந்தது. அப்போதுதான் அது தனிப் பேரடை என்று உறுதியானது.

25 லட்சம் வருஷத்துக்கு முந்தின வெளிச்சம்னா, ஆண்ட்ரோமெடா இப்போ இருக்கா?

இருக்கிறது. பேரடையின் வாழ்நாளில் 25 லட்சம் ஆண்டு மிகச் சிறிய காலம். அது விநாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்குகிறது. 400, 500 கோடி ஆண்டுகளில் பால்வீதியோடு மோதுவது நிச்சயம் என்று முன்பு சொல்லி வந்தார்கள். 2025-இல் வெளியான கணக்கீடு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் மோதுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறது. பழைய நூல்களில் வேறு எண் இருந்தால் குழம்ப வேண்டாம்.

திருவாதிரை வெடிக்கப்போகுதாமே, நாம பார்ப்போமா?

பெட்டல்ஜூஸ் ஒருநாள் வெடிக்கும், ஆனால் அடுத்த 1 லட்சம் ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் என்ற அளவில்தான் சொல்ல முடியும். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது வெளிப்படையாக மங்கியபோது பரபரப்பு எழுந்தது. அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி நம் பார்வையை மறைத்ததே காரணம். சில மாதங்களில் பழைய பிரகாசம் திரும்பியது. வெடித்தால் பகலிலேயே தெரியும், பிறகு மேலே சொன்ன நண்டு நெபுலா வகையில் ஒன்று அங்கே மிஞ்சும். அது பல நூறு ஒளியாண்டு தள்ளி இருப்பதால் பூமிக்கு ஆபத்து இல்லை. இப்போதைக்கு வாரம் ஒருமுறை அதன் பிரகாசத்தை அருகிலுள்ள ரைகலோடும் உரோகிணியோடும் ஒப்பிட்டுக் குறித்து வைக்கலாம். கோலாலம்பூர் பால்கனியிலிருந்தே செய்யக்கூடிய வேலை இது, கருவி எதுவும் வேண்டாம்.